சுங்குடி முடிச்சைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க முடியுமா?

சித்திரைப் பவுர்ணமி. இன்னும் பொழுது விடியவில்லை. மதுரையில் வைகை ஆற்றின் இரு கரைகளிலும் எள் போட்டால் எள் விழாது. அப்படி ஒரு கூட்டம்!

அழகர்கோவிலில் இருந்து 20 கிலோ மீட்டர் தூரம் வழிநெடுக மண்டபங்களில் தங்கித் தங்கிக் கள்ளழகர் வந்துவிட்டார். தங்கக் குதிரை மீது ஏறி ஆற்றில் இறங்கப் போகிறார். கூட்டத்தில் நிற்கும் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"இந்த வருஷம் அழகருக்கு என்ன கலர் பட்டு?"

பெட்டி நிறையப் பல நிறப் பட்டுகள் இருக்கும். அர்ச்சகர் பெட்டிக்குள் கையை விடுவார். கையில் எது அகப்படுகிறதோ அதுதான் அன்று அழகருக்கு உடை. பச்சைப் பட்டு வந்தால் நாடு செழிக்கும், வயல் விளையும் என்பது மக்களின் நம்பிக்கை. பச்சை என்று தெரிந்தவுடன் கரையில் எழும் ஆரவாரத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

துணியின் நிறத்தைப் பார்த்து, வரப்போகும் ஆண்டு எப்படி இருக்கும் என்று பேசுகிற ஊர் இது. உடை என்பது வெறும் மானம் மறைக்கும் துணி அல்ல, அது ஒரு பேச்சு என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் கல்லூரிகளில் இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்!

"பேஷன் டிசைனிங்" என்று அந்தப் படிப்புக்குப் பெயர். தமிழில் ஆடை வடிவமைப்பு என்கிறார்கள்.

தைக்கவா கல்லூரி?

மகள் இந்தப் படிப்பில் சேரவேண்டும் என்று சொன்னால், பல வீடுகளில் தகப்பனார் கேட்கும் முதல் கேள்வி இது: "ஜாக்கெட் தைக்கவா மூன்று வருஷம் கல்லூரி? தெருமுனைத் தையல் கடையில் ஆறு மாதம் உட்கார்ந்தால் போதாதா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தையல் தெரியாமல் இந்தப் படிப்பு இல்லை. வெட்டவும் தைக்கவும் கற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால் அது பாதி. முதலில் கையில் பென்சிலைக் கொடுத்து மனித உருவம் வரையச் சொல்கிறார்கள். பிறகு நிறங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுக்கும், எது அடங்கும் என்பது பாடம். பருத்தி எப்படி வியர்வையை உறிஞ்சுகிறது, பட்டு ஏன் மின்னுகிறது, எந்தச் சாயம் எந்த நூலில் பிடிக்கும் என்பது இன்னொரு பாடம். நம் முன்னோர் என்ன உடுத்தினார்கள், ஏன் உடுத்தினார்கள் என்ற வரலாறு வேறு இருக்கிறது.

தையற்காரர் நீங்கள் கேட்டதைத் தைத்துத் தருகிறார். வடிவமைப்பாளர், அடுத்த ஆண்டு நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று இன்றைக்கே யோசிக்கிறார்.

இந்தியாவில் இதற்கென்று பெரிய கல்விக்கூடங்கள் உண்டு. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது. ஆடைக்கென்றே உள்ள "நிப்ட்" டெல்லியில் 1986-லும், சென்னையில் 1995-லும் வந்தது. இப்போது மதுரை வட்டாரத்துக் கல்லூரிகளிலும் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. நடனம் சொல்லித்தர 1936-ல் அடையாற்றில் ருக்மணி தேவி தொடங்கிய கலாட்சேத்திராவில், மறு ஆண்டே தறியும் போட்டுவிட்டார்கள். நடனமாடும் பெண்ணின் சேலையும் நடனத்தில் ஒரு பங்குதான் என்பது அவர் எண்ணம். பழைய காஞ்சிபுரத்துக் கரைகளைத் தேடிப் பிடித்து அங்கே நெய்ய வைத்தார். தாகூரின் சாந்திநிகேதனில் 1920-களிலேயே, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் "பாத்திக்" வேலையை ஓவியத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே, துணியைக் கலையாகப் பார்த்துக் கற்றுக்கொடுப்பது பாரிசில் இருந்து நேற்று விமானத்தில் வந்து இறங்கிய சரக்கு அல்ல.

புள்ளி பூக்கும் சேலை

மதுரைக்கு வருவோம். இங்கே ஆடை வடிவமைப்புப் படிக்கும் ஒரு மாணவிக்கு வேறு எந்த ஊரிலும் கிடைக்காத ஒரு பாடப் புத்தகம் கண்ணெதிரே இருக்கிறது. அதுதான் சுங்குடிச் சேலை.

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு சவுராஷ்டிர மொழி காதில் விழும். இந்த மக்களின் முன்னோர் குஜராத் பக்கத்தில் இருந்து புறப்பட்டு, பல ஊர்களில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தவர்கள். பட்டுநூல்காரர் என்று ஊரார் அழைத்தார்கள். நெசவும் சாயமும் இவர்கள் கையோடு வந்தன. (பாட்டும் வந்தது. டி.எம்.சவுந்தரராஜன் இந்த மதுரை சவுராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைதான்!)

இவர்களுடைய வரலாற்றைப் பேசுகிறவர்கள் ஒரு கல்வெட்டை மறக்காமல் சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தில் மாந்தசோர் என்ற ஊரில் கிடைத்தது. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குஜராத்தின் லாட நாட்டில் இருந்து வந்து குடியேறிய பட்டு நெசவாளர் சங்கத்தார் சூரியனுக்குக் கோவில் கட்டிய செய்தி அதில் இருக்கிறது. நடுவில் ஒரு வேடிக்கை. ஒரு பெண்ணுக்கு இளமை இருக்கலாம், அழகு இருக்கலாம், பூவும் வெற்றிலையும் இருக்கலாம். ஆனாலும் பட்டாடை உடுத்தாமல் அவள் காதலனைப் பார்க்கப் போவதில்லை என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள்! 1,500 ஆண்டுகளுக்கு முந்திய ஜவுளிக்கடை விளம்பரம் என்று இதைச் சொன்னால் தவறா?

சுங்குடி என்ற சொல்லுக்கு வட்டம் என்று பொருள் சொல்கிறார்கள். பெயருக்கு ஏற்ற சேலைதான். அரக்குச் சிவப்பு, கருநீலம், ஊதா, பச்சை என்று அடர்த்தியான நிறம். அதன்மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பொடிப் புள்ளிகள். இரவு வானத்தை எடுத்து மடித்து வைத்தது போல இருக்கும்.

இந்தப் புள்ளிகள் மேலே வைத்தவை அல்ல. அங்கே சாயம் போகவில்லை, அவ்வளவுதான்! எப்படிப் போகாமல் இருந்தது?

வெள்ளைப் பருத்திச் சேலையை மடித்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல முதலில் புள்ளி குறிப்பார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் விரல் நுனியால் கிள்ளி மேலே தூக்குவார்கள். கடுகளவு துணிதான் மேலே வரும். அதைச் சுற்றி நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அடுத்த புள்ளி. அதற்கடுத்த புள்ளி. சேலை முழுவதும் இப்படியே! ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழுந்த பிறகு, அகலமான சேலை சுருங்கிச் சிறு மூட்டையாகிவிடும். அதைச் சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. உலர்ந்த பிறகு சேலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். உள்ளே ஒளிந்திருந்த வெள்ளைப் புள்ளிகள் கண் திறக்கும்.

முடிச்சுப் போட்டவளுக்குக் கூட, அவிழ்க்கும் வரையில் சேலை எப்படி வரும் என்று முழுதாகத் தெரியாது. ஒரு முடிச்சு சற்று இறுக்கமாக விழும். ஒன்று சற்று நெகிழும். அதனால் ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது.

முடிச்சு வேலை பெரும்பாலும் பெண்களின் வேலை. சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போடுவார்கள். சாயம் ஏற்றுவது தனித் தொழில். அந்தக் காலத்தில் சிவப்புச் சாயம் இம்பூரல் என்னும் சாயவேரில் இருந்து வந்தது. மதுரைச் சிவப்புக்குத் தனிப் பெயர் இருந்தது. வைகைத் தண்ணீரில் அலசினால்தான் அந்த மினுமினுப்பு வரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

வேருக்கு வந்தது வேட்டு. 1868-ல் ஜெர்மனியில் இரண்டு ரசாயன அறிஞர்கள், வேரில் உள்ள அதே சிவப்பைத் தாரில் இருந்து எடுக்கக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அலிசரின்" என்று டப்பாவில் அடைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். தோண்டி எடுத்து, காயவைத்து, இடித்து, நாட்கணக்கில் ஊறவைக்க வேண்டிய வேர் எங்கே, டப்பாவைத் திறந்தால் சாயம் எங்கே! வேர் தோண்டும் தொழில் படுத்துவிட்டது.

நான் ஏமாந்த கதை

வேருக்கு ஜெர்மன் டப்பா எமனாக வந்தது. முடிச்சுக்கு எமனாக வந்தது அச்சு.

புள்ளியை அச்சுக் கட்டையாலோ திரையாலோ அடித்துவிட்டால் ஒரே நாளில் எத்தனையோ சேலை இறங்கும். விலையும் குறைவு. தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். ஏழை வீட்டுப் பெண்ணும் புள்ளிச் சேலை கட்டலாமே, அதில் என்ன குற்றம் என்று கேட்டால், குற்றமே இல்லை. அச்சுச் சேலை என்று சொல்லி விற்றால் நானும் வாங்குவேன்.

என் தாயாரிடம் அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடி இருந்தது. என் பாட்டி கொடுத்தது. சிறு வயதில் அந்த முந்தானையில் படுத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணுவேன். இருநூறைத் தாண்டுமுன் தூங்கிவிடுவேன். சேலை பழசாகி நைந்துவிட்டது. முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு சுங்குடி வாங்கவேண்டும் என்று ஆசை. ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் "கையால் கட்டியது" என்று அடித்துச் சொன்னார். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அம்மா சேலையை விரித்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு சொன்னார். வாசகிகள் குறித்துக்கொள்ளலாம். கட்டிச் சாயம் ஏற்றிய சேலையில் இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும். அச்சில் பெரும்பாலும் உள்பக்கம் வெளிறியிருக்கும். கட்டிய சேலையில் புள்ளிகள் கொஞ்சம் கோணலாக, ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கும். துணியில் மெல்லிய சுருக்கம் தெரியும். எல்லாப் புள்ளியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் அது அச்சுதான்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை ஊர் பேர் தெரியாதவர்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. நல்ல காரியம். ஆனால் சட்டம் கடையில் வந்து நின்று சேலையைத் திருப்பிப் பார்க்காது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். அந்தக் கண்ணை யார் கொடுப்பது?

வகுப்பறையில்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கை படித்தால்தான் கண் படிக்கும்

கல்லூரியில் சுங்குடியைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பாடத் திட்டத்தில் "முடிச்சுச் சாயம்" என்று ஒரு பகுதி இருக்கும். ஒரு கைக்குட்டையில் நாலு முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அதோடு முடிந்தது. மதுரையில் முடிச்சுப் போடும் அம்மாளுக்கு அதனால் ஒரு காசு பயன் இல்லை. படித்த பெண்ணுக்கும் கண் திறந்திருக்காது.

அதற்காக ஒரு மாணவி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சேலை கட்டிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. வேறு பாடங்கள் இருக்கின்றன.

நடுவழி ஒன்று இருக்கிறது. நிப்ட் மாணவர்களைக் கைத்தொழில் நடக்கும் ஊர்களுக்கே அனுப்பி, கைவினைஞர்களோடு பழகி, வேலையைப் பார்த்து எழுதிவரச் சொல்கிறார்கள். அதுவும் படிப்பில் ஒரு பகுதி. மதுரை மாணவிக்கு ரெயில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. மகால் பக்கம் போக டவுன் பஸ் போதும். இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்றால், திண்டுக்கல் சாலையில் சின்னாளப்பட்டி இருக்கிறது. அங்கும் சுங்குடி உண்டு. பக்கத்திலேயே காந்திகிராமம். சவுந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. கிராமத்துக் கைத்தொழிலைப் படிப்போடு சேர்க்கவேண்டும் என்று பாடுபட்ட இடம்.

போனால் மட்டும் போதாது. உட்காரவேண்டும். ஒரு மணி நேரம் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். கை படித்தால்தான் கண் படிக்கும்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு மிகக் குறைவு.

ஒரு பழைய வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை எடுங்கள். சோப்புப் போட்டுக் கஞ்சி போக அலசிக் காயவையுங்கள். வரிசைக்கு 5 வீதம் 25 புள்ளி பென்சிலால் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் கிள்ளித் தூக்கி, தையல் நூலை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து, துணியை அதில் கால் மணி நேரம் போட்டு எடுங்கள். (இதைப் பெரியவர்கள் செய்யட்டும். குழந்தைகள் அடுப்பருகே வேண்டாம். நல்ல பாத்திரமும் வேண்டாம், கறை போகாது!) அலசி, நிழலில் உலர்த்தி, நூலைப் பிரியுங்கள். மஞ்சள் வானத்தில் வெள்ளை நட்சத்திரம்!

ஒரு மூலையில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். மஞ்சள் சிவப்பாக மாறும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் குங்கும நிறம் வருகிறதே, அதே சங்கதிதான். நாலு நாள் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். கெட்டிச் சாயம் என்றால் என்ன, ஏன் அதற்கு அவ்வளவு மதிப்பு என்பது அப்போது தெரியும். எது உடம்புக்குக் கெடுதி என்பதும் சாயப் பாடத்தில் ஒன்று. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில சாயங்களை 1990-களில் ஜெர்மனியும் இந்தியாவும் தடை செய்தன.

நான் இந்தச் சோதனையைச் செய்தேன். 25 முடிச்சுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதிலும் ஏழு முடிச்சு நழுவிவிட்டது. ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சேலைக்கு 5,000 முடிச்சு என்று வைத்துக்கொண்டால், என் வேகத்தில் 100 மணி நேரம்! பழகிய கை என்னைவிடப் பல மடங்கு வேகமாகப் போடும். இருந்தாலும், சேலை விலையைக் கேட்டு "அம்மாடி!" என்று வாயைப் பிளந்தது அன்றோடு நின்றது.

ஜப்பானில் நகோயா நகரத்தில் அரிமட்சு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கும் இதே போல் துணியைக் கிள்ளி, கட்டி, சாயம் ஏற்றும் தொழில் 400 ஆண்டுகளாக நடக்கிறது. "ஷிபோரி" என்று பெயர். உலகமெங்கும் ஆடை வடிவமைப்புப் பள்ளிகளில் அந்தச் சொல்லைத் தெரியாத மாணவர் இருக்கமாட்டார். நம் ஊர் மாணவிகளில் சிலர் கூட "ஷிபோரி" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் "நம்ம சுங்குடி மாதிரி" என்கிறார்கள். முறை மாறிச் சொன்னால் நன்றாயிருக்கும்!

மேலமாசி வீதியில் ஒரு பாடம்

உடையைப் பற்றிய மிகப் பெரிய பாடமும் மதுரையில்தான் நடந்தது. அதற்கு ஆசிரியர் காந்திஜி.

1921 செப்டம்பர் மாதம். சென்னையில் இருந்து காந்திஜி ரெயிலில் மதுரைக்கு வந்துகொண்டிருந்தார். பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லையே என்ற பதில் வந்தது. வழிநெடுகக் கோவணத்தோடு நிற்கும் ஏழைகளைப் பார்த்தார். தன் உடம்பில் இருந்த தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் அவரை உறுத்தின.

மதுரையில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கினார். செப்டம்பர் 22-ந் தேதி காலை, முழங்கால் அளவுக்கு ஒரு துண்டுத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். முதலில் அக்டோபர் முடியும் வரைதான் என்று சொன்னார். கடைசி வரை மாற்றவில்லை. 1931-ல் லண்டனில் அரண்மனைக்குப் போய் இங்கிலாந்து மன்னரைப் பார்த்தபோதும் அதே உடைதான்!

ஆடை வடிவமைப்பு மாணவி இதை வரலாற்றுப் பாடமாக மட்டும் படித்தால் போதாது. யாருக்காக உடுத்துகிறோம், எதைக் கழற்றுகிறோம், அதனால் பார்க்கிறவர் மனதில் என்ன நடக்கிறது என்பவை அவளுடைய தொழிலின் முதல் கேள்விகள். துணியைக் கூட்டுவதால் மட்டும் வடிவமைப்பு வருவதில்லை. குறைத்தும் வரும். ஒரு முழத் துணியால் ஒரு சாம்ராஜ்யத்தோடு பேசியவரைப் பார்த்தோமே!

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் உள்ள காந்தி மியூசியத்தை நேரு 1959-ல் திறந்துவைத்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்திஜி அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

நிறத்துக்கு ஒரு பெயர்

கனத்த பேச்சாகிவிட்டது. ஒரு சின்னச் செய்தி.

மதுரையில் 1916-ல் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி ஒரு தனி நீலத்தில் காஞ்சிபுரம் பட்டு உடுத்தினார். அந்த நிறத்துக்கு "எம்.எஸ். நீலம்" என்றே பெயர் வந்துவிட்டது. இன்றும் பட்டுக்கடைகளில் அப்படிக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த நீலத்தைத் தொட்டியில் பதம் பார்த்து எடுத்த சாயக்காரரை எத்தனை பேருக்குத் தெரியும்?

மதுரையில் பட்டம் வாங்காத வடிவமைப்பாளர்களும் உண்டு. மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம் இருக்கிறது. சிற்பத் தூண்களுக்கு நடுவே பல்லாண்டுக் காலம் தையல் மிஷின்கள் ஓடிய இடம் அது. கடைகள் அண்மையில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்தத் தையற்காரர்கள் சாமிக்கு உடை தைப்பார்கள். திருவிழாவில் அழகர் வேடம் போட்டு, தோல் பையில் இருந்து தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்குச் சல்லடமும் சட்டையும் தலைப்பாகையும் தைப்பார்கள். ஜிகினாவை எங்கே வைத்தால் தீவட்டி வெளிச்சத்தில் மின்னும், எந்தச் சிவப்பு கூட்டத்தில் தனியாகத் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எந்தக் கல்லூரி சொல்லிக்கொடுத்தது? இவர்களில் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய நாற்காலியும் சம்பளமும் கொடுத்தால் கல்லூரியின் கவுரவம் குறைந்துவிடாது.

முடிச்சுப் போடும் பெண்களுக்கும் இதையே சொல்வேன். அவர்களில் வயதானவர்களே அதிகம். மகளும் மருமகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? முடிச்சுக்குக் கிடைக்கும் கூலி கட்டவில்லை. அந்தக் கை ஓய்ந்துவிட்டால், பிறகு எத்தனை பாடப் புத்தகம் எழுதினாலும் முடிச்சு வராது. புத்தகத்தில் படம்தான் இருக்கும். விரல் இருக்காது.

படித்த பெண்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அவர்களுக்கு வியாபாரம் தெரியும், படம் எடுக்கத் தெரியும், வெளியூர் ஆர்டர் வாங்கத் தெரியும். சேலையில் மட்டும் இருந்த புள்ளியைச் சுடிதாருக்கும் துப்பட்டாவுக்கும் சட்டைக்கும் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். சேலைக்குப் பல நாள் பிடிக்கும் முடிச்சு, துப்பட்டாவில் சீக்கிரம் முடியும். விலையும் தாங்கும். முடிச்சுப் போட்டவருக்குக் கூலியும் சீக்கிரம் கைக்கு வரும். பாட்டி காலத்துச் சேலையை அப்படியே பெட்டியில் வைத்துப் பூஜை செய்வதைவிட இது மேல் என்பது என் கட்சி. "சுங்குடி என்றால் சேலைதான்" என்று சண்டைக்கு வருகிற பெரியவர்களும் உண்டு. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கலாம். ஆனால் வாங்க ஆள் இல்லாத சேலையை யார் கட்டுவார்கள்?

அண்மையில் ஒரு கல்லூரியில் மாணவிகளின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சுங்குடித் துணியில் தைத்த ஒரு நீளச் சட்டை தொங்கியது. கருநீலம். கழுத்தில் இருந்து கீழே இறங்க இறங்கப் புள்ளி குறைந்துகொண்டே போயிற்று, விடியற்காலை வானம் போல. திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே நிறம். புள்ளிகள் கோணல் கோணலாக இருந்தன. அசல்தான்!

பக்கத்தில் ஓர் அட்டை. மாணவியின் பெயர், வகுப்பு, துணியின் பெயர், சாயத்தின் பெயர் எல்லாம் அழகாக அச்சடித்திருந்தார்கள். முடிச்சுப் போட்டது யார் என்று அதில் இல்லை. அந்த மாணவியைத் தேடிக் கேட்டேன். மகால் பக்கம் ஓர் அம்மாளிடம் கொடுத்து வாங்கியதாகவும், அட்டையில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை என்றும் வெட்கத்தோடு சொன்னாள். பிறகு பையில் இருந்து பேனாவை எடுத்துக்கொண்டு போனாள்.